ஸ்கெல்பி சாலையில் நடந்த ஆராதனை

மெதடிஸ்ட் போதகராவதற்கு முன் ஏனோக் கார்ஃபிட் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பண்ணைகளில் வண்டியோட்டியாக இருந்தார். ஓர் அறுவடையில் பாரவண்டியின் சக்கரம் இடது கணுக்காலில் ஏறிவிட்டது. அந்தக் காலை இழுத்துக்கொண்டுதான் ஏழு ஊர்களைச் சுற்றிப் பிரசங்கித்தார்.

அவற்றில் ஸ்கெல்பி முழுவதும் ஒரே நிலப்பிரபுவுக்குச் சொந்தம். போதகருக்கு இடம் கொடுப்பவன் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று 1836இல் அவர் சொல்லியனுப்பினார். சமையலறையில் கூட்டம் நடத்த இடம் கொடுத்துவந்த செருப்புத் தொழிலாளி ஏமோஸை, இனி இடம் கொடுக்கவேண்டாம் என்று ஏனோக் தடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு முப்பது பேரோடு சாலையில் நின்று பாடத் தொடங்கினார். ஊர்க்காவலர் டாபர் ஓடிவந்தார்.

"ரோட்ட மறிச்சு நிக்கக் கூடாதுய்யா. நின்னா வழக்குதான்."

"நடக்கலாமா?"

டாபர் யோசித்தார். "நடந்தா யாரு என்ன கேக்கப்போறா?"

"அப்ப வாங்க, நடப்போம்."

மைல்கல் வரை போய்த் திரும்பினால் மூன்று மைல். ஜெபம், பாட்டு, பிரசங்கம் எல்லாம் நடையிலேயே முடிந்தன. யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள டாபரும் கூடவே நடந்தார். வாரந்தோறும் கூட்டம் பெருகியது.

வீட்டில் மனைவி கெசையா வீங்கிய கணுக்காலுக்கு வினிகர் துணி கட்டினாள். "ஒரு வாரம் உக்காந்தா என்ன கொறஞ்சுபோவுது?"

"உக்கார எடம் குடுக்க மாட்டேங்கறாங்க, அதுதானே தகராறே."

ஒன்பதாம் வாரம் மழைச்சேற்றில் கால் மடங்கி விழுந்தார். ஏமோஸும் ஒரு கூலியாளும் கைகளை இருக்கைபோலக் கோத்து, அவரை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எதிரே நிலப்பிரபுவின் வண்டி வந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நடையும் பாட்டும் நிற்கவில்லை.

"டாபர், இதென்ன கூத்து?"

"நானும் பாத்துட்டேன் துரை. அவரு உக்காந்திருக்காரு, இவங்க நடக்கறாங்க. நிக்கறது யாருமில்ல."

நிலப்பிரபு ஏனோக்கைப் பார்த்தார். "எத்தன நாளைக்கு?"

"கால் இருக்கற வரைக்கும் துரை. நல்ல கால் ஒண்ணுதான், ஆனா அது போதும்."

போதகரைத் தூக்கிச் சுமந்ததற்காக ஏமோஸின் வீடு பறிபோனது. அவர் பக்கத்து ஊருக்குக் குடிபோய், ஞாயிறுதோறும் நான்கு மைல் நடந்துவந்து மற்றவர்களோடு சேர்ந்து மீண்டும் நடந்தார். மறு வருடம் ஊர் எல்லையில் சொந்த நிலம் வைத்திருந்த ஒரு விதவை கோழிக்கொட்டகை இருந்த மூலையை எழுதிக்கொடுத்தாள். அங்கே செங்கல் ஆலயம் எழும்பியது.

ஏனோக் அதைப் பார்க்கவில்லை. சபையின் வழக்கப்படி அதற்குள் அவரை ஒரு மீன்பிடித் துறைக்கு மாற்றியிருந்தார்கள். போன முதல் நாளே, சந்தையில் பிரசங்கம் கூடாது என்று ஓர் அதிகாரி எச்சரித்தார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எந்தக் கிழமை சந்தை கூடும் என்று அவரிடமே விசாரித்தார் ஏனோக்.