என் முகத்துக்கு மருந்தடித்த வருடம்

கனகராயன்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மருந்தடிக்கிற மிசினும் உர மூட்டைகளும் வைக்கிற கொட்டிலில், எட்டு வருடப் பழைய கலண்டர் ஒன்று இன்னும் தொங்குகிறது. புளியங்குளத்தில் கிருமிநாசினிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், ஊரே நானா என்று கூப்பிடுபவர், கொடுத்தது. படத்தில் ஒரு விவசாயி பச்சை வயலுக்கு நடுவில் நின்று சிரிக்கிறார். அவருடைய முகத்தில் மருந்துக்குக்கூட ஒரு பரு இல்லை. அந்த வருடம் முழுவதும் அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் இருந்தது. மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் திகதிக் கட்டங்களுக்குள் பென்சிலால் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். பெரும்பாலும் சரி, அங்கங்கே பெருக்கல் குறிபோலச் சில புள்ளடிகள். போட்டவர் அப்பா. குளிசை விழுங்கிய நாளுக்குச் சரி, மறந்த நாளுக்குப் புள்ளடி என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பிரதேச சபை அலுவலகத்தில் வேலை கிடைத்து, சனத்தோடு பேசுகிற முன் மேசையில் இருத்தியிருந்தார்கள். மூன்றாவது மாதமே அலுவலகப் பெரியவரிடம் கெஞ்சிப் பின்னால் இருந்த கோப்பு அறைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டேன். காரணம் என் முகம். சாதாரணப் பரு என்றால் நானும் சாதாரணமாக இருந்திருப்பேன். இது தொட்டால் நோகிற, உள்ளே பழுத்து வெளியே வர மறுக்கிற கட்டிகள்; போகும்போது குழி வைத்துவிட்டுப் போகிறவை. வரி கட்ட வந்தவர்கள் எல்லாரும் வரியோடு ஒரு வைத்தியமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். மஞ்சள், சந்தனம், கருஞ்சீரகம், பற்பசை. ஒரு அம்மா தன்னுடைய பசுவுக்குச் சுகப்படுத்திய களிம்பையே பையில் கொண்டுவந்து தந்தார். நல்ல மனம்தான். அன்று கோப்பு அறைக்குள் போய் அழுதேன். அங்கேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது அன்றுதான்.

வவுனியாவில் தோல் வைத்தியர் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் நெல் விவசாயி. எங்கள் வாய்க்கால் வயல்களில் மருந்தடிப்பதற்கு அவரைப்போலப் பயந்தவரும் இல்லை, அவரைப்போலத் துணிந்தவரும் இல்லை. போத்தலில் ஒட்டியிருக்கிற துண்டுக் கடதாசியைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று தரம் வாசிப்பார். இங்கிலீசில் இருந்தால் நானாவின் கடைக்கு சைக்கிளில் கொண்டுபோய் வாசிப்பித்துக்கொண்டு வருவார். புது மருந்தென்றால் முதலில் வயலின் ஒரு மூலைக்கு மட்டும் அடித்து, ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்பார். சாப்பாட்டிலிருந்து சம்பந்தம் வரை எல்லாவற்றையும் இந்த ஒரே முறையில்தான் அவர் நிறுத்துப் பார்த்தார்.

வைத்தியர் நடுத்தர வயதுப் பெண். என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பூசுகிற மருந்துகளுக்கு இது அடங்காது, பலமான குளிசை ஒன்று இருக்கிறது, ஆறு மாதம் எடுக்க வேண்டும் என்றார். அநேகமானவர்களுக்கு முகம் நன்றாகத் தெளியும், புதிதாகக் குழி விழாது. ஆனால் உதடு வெடிக்கும், வெயில் சுடும், முதல் மாதம் பரு கூடினாலும் கூடும். ஈரலையும் இரத்தத்துக் கொழுப்பையும் இடைக்கிடை சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகு வைத்தியர் ஒருமுறை என்னையும் ஒருமுறை அப்பாவையும் பார்த்தார். இந்தக் குளிசை எடுக்கிற காலத்தில் பிள்ளை தங்கவே கூடாது, தங்கினால் குழந்தைக்குப் பெரிய பாதிப்பு வரும் என்றார். அப்பா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார். அது சுற்றவில்லை, ஆனாலும் நெடுநேரம் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டார்.

"கடைசியா மருந்தடிச்சு எத்தினை நாளைக்குப் பிறகு அறுவடை செய்யலாம், டொக்டர்?"

வைத்தியர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு, "ஒரு மாதம் கட்டாயம் விடோணும் ஐயா," என்றார். அப்பாவுக்கு முகம் தெளிந்தது. நெல்லுக்கு அடிக்கிற சில மருந்துகளுக்கே அதைவிடக் கூடத் தவணை உண்டு என்று அவர் சொல்ல, வைத்தியர் அதைக் குறித்துக்கொள்வதைப்போலத் தலையை ஆட்டினார். அந்த உற்சாகத்தில் அப்பா, முதலில் ஒரு பக்கக் கன்னத்துக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாமா என்றும் கேட்டார். அது விழுங்குகிற குளிசை என்று வைத்தியர் நினைவுபடுத்தினார். அப்பாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் தனியாகக் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டார். கடைசியாக, சிலருக்கு இந்தக் குளிசையால் மனம் சோர்ந்து போவதுண்டு, நித்திரை கெட்டாலோ காரணமில்லாமல் அழுகை வந்தாலோ ஒளிக்காமல் தனக்குச் சொல்ல வேண்டும், வீட்டிலும் ஒருவருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்றார். ஓம் என்றேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் குளிசை என் கைக்கு வராது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் இரண்டு கிழமை விசாரணை நடந்தது. பருவால் செத்தவர்கள் ஆரென்று அம்மா கேட்டார். கலியாணம் கட்டினால் தானாகப் போய்விடும் என்பது அவருடைய கட்சி. அப்பா குளிசைப் பெட்டிக்குள் இருந்த கடதாசியை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொன்னார். நான் வாசித்தேன். மனச்சோர்வு வரியை மட்டும் தாண்டினேன். முடித்ததும் அப்பா கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "மருந்தெண்டால் விசந்தான். விசமெண்டு அடிக்காமல் விட்டால் பயிரும் போயிடும். எவ்வளவு, எப்ப, காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்துச் செய்யிறதுதான்," என்றார். தீர்ப்பு வந்துவிட்டது. எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லாததால் போய்த் தேத்தண்ணீர் போட்டேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னை ஒரு பயிராக ஏற்றுக்கொண்டார். வெயிலுக்கென்று ரோசாப்பூ நிறத்தில் ஒரு குடை வாங்கி வந்தார். விற்றமின் ஏ குளிசை வேறாக எடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதைக் கேட்டு, பூசணியையும் பப்பாசியையும் முருங்கையிலையையும் வீட்டுக்குள் வரவிடாமல் தடுத்தார். இவை சாப்பிடலாம் என்று நான் சொன்னது எடுபடவில்லை. கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் குளிசை உடம்பில் சேரும் என்றதற்கு, சொதிக்கு இரட்டிப்புத் தேங்காய்ப்பால் விட வைத்தார். முதல் மாதம் பரு கூடியபோது அம்மா பதறினார். முதல் தண்ணி விட்டவுடன் புல் கிளம்புவதுதானே என்று அப்பா அவரை அடக்கினார். இவற்றோடு, அந்த வருடம் அப்பாவுக்குக் குறும்பும் கூடிவிட்டது. என் ரோசாக் குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் வரம்பில் நடப்பார். விவசாயிகள் கூடுகிற கமக்காரர் கூட்டத்தில் தலைவர் இருமி இருமிப் பேசுவதைக் குசினி வாசலில் நின்று நடித்துக் காட்டுவார். எங்கள் செவலைப் பசு கூட்டுறவுச் சங்கக்கடைக்குள் புகுந்த கதையை ஒரே மாதத்தில் ஆறு தரம் சொன்னார். ஆறாவது தரம் பசு பேசவும் செய்தது. இந்த மனுசனுக்கு வயது போகப் போகப் புத்தி கழலுகிறது என்று அம்மா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பதே நோவாக இருந்தது, ஆனாலும் சிரித்தேன்.

மூன்றாம் மாதம் கன்னம் அடங்கத் தொடங்கியது. இரத்தப் பரிசோதனைக்கு நாள் வந்தது. சாப்பிடாமல் வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று வைத்தியர் எங்கள் இருவருக்கும் தெளிவாகவே சொல்லியிருந்தார். விடியற்காலை, பஸ்ஸுக்குப் போக முன், அப்பா ஒரு தம்ளரை நீட்டினார். இரண்டு பச்சை முட்டை, நிறைய நல்லெண்ணெய். வயதுக்கு வந்து சாமத்தியப்பட்ட காலத்தில் ஒவ்வொரு காலையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த அதே சாமான். சாப்பிடக் கூடாதே என்றேன். இது சாப்பாடு இல்லையே, மருந்தெல்லோ என்றார் அப்பா. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையும் முட்டையும் நல்லெண்ணெயும் குடித்துவிட்டுச் சாப்பிட்டேன் என்று சொன்னதில்லை. மூன்று மிடறில் குடித்து முடித்து, ஓமந்தை தாண்டும் வரை ஏப்பம் விட்டுக்கொண்டு போனேன்.

முடிவைப் பார்த்த வைத்தியரின் முகத்தில் சிரிப்பு இல்லை. கொழுப்பு எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, குளிசையை இன்றே நிறுத்த வேண்டும், திரும்பத் தொடங்க முடியுமா என்பது சந்தேகம் என்றார்.  பாதி தெளிந்த முகத்தோடு மறுபடியும் கோப்பு அறைதான் என்று எனக்குத் தோன்றியது. காலையில் ஏதாவது சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றோம், இருவரும் ஒரே குரலில், முழு மனச்சாட்சியோடு. எழும்பி வாசல் வரை வந்த பிறகுதான் அப்பா நின்றார். "டொக்டர், நல்லெண்ணெய் சாப்பாட்டுக் கணக்கில வருமோ?" என்று கேட்டார். எவ்வளவு நல்லெண்ணெய் என்று வைத்தியர் கேட்டார். அப்பா விரலால் தம்ளரின் உயரத்தைக் காட்டினார். முட்டையையும் சொன்னார். வைத்தியர் மேசையில் நெற்றியை வைத்துவிட்டார். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். ஒரு கிழமை குளிசையை நிறுத்தி, உண்மையான வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

அந்த ஒரு கிழமை நான் நன்றாக இருக்கவில்லை. நித்திரை வரவில்லை. குசினியில் தேங்காய் துருவிக்கொண்டே அழுதேன். கண்ணாடியைத் துணியால் மூடினேன். அப்பா பசுவின் கதையைத் தொடங்கியபோது எழும்பிப் போய்விட்டேன். இரண்டாவது பரிசோதனை அன்று அவர் என்னைப் பல் துலக்கக்கூட விடவில்லை. பற்பசை வயிற்றுக்குள் போனால் யார் பொறுப்பு என்றார். தானும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வந்து, வைத்தியசாலை மர வாங்கில் இருந்தபடியே தலை சுற்றிச் சரிந்தார்; தாதிகள் முதலில் அவரைத்தான் கவனித்தார்கள். கொழுப்பு இறங்கியிருந்தது. குளிசை தொடர்ந்தது.

அதன் பிறகு ஒரு நாள் தற்செயலாகக் கொட்டிலுக்குப் போனபோது கலண்டரை முதல்முறையாகக் கிட்டப் போய்ப் பார்த்தேன். நிறுத்தியிருந்த அந்தக் கிழமைக்கு ஏழு புள்ளடிகள், அது சரிதான். ஆனால் குளிசை திரும்பத் தொடங்கிய பிறகும் மூன்று புள்ளடி இருந்தது. நான் ஒழுங்காக விழுங்கிய நாட்கள் அவை. அப்பா மிசினைக் கழுவிக்கொண்டிருந்தார். கணக்குப் பிழை, நான் ஒரு குளிசையும் விடவில்லை என்றேன்.

"அது குளிசைக்குப் போட்டதில்லைப் பிள்ளை," என்றார், நிமிராமலே. "நீ சிரிச்சால் சரி. சிரிக்காட்டிப் புள்ளடி."

எனக்கு விளங்கவில்லை. அவர் தண்ணீரை ஊற்றிவிட்டுத் தொடர்ந்தார்.

"நீ வாசிக்காமல் விட்ட வரியைக் கடை நானா வாசிச்சுச் சொன்னவர். மனம் வாடுமெண்டு கிடக்காம். எனக்கு வேற ஒண்டும் தெரியாது, வாடுறதைப் பாக்கத் தெரியும். பத்துப் புள்ளடி அடுக்கா விழுந்திருந்தால் முகமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாமெண்டு குளிசையை நிப்பாட்டியிருப்பன்."

புள்ளடிகளை எண்ணினேன். அடுக்காகப் பத்துத்தான் இருந்தது. பிழையாக எண்ணினேனோ என்று மறுபடியும் எண்ணினேன். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவதை அழித்துவிட்டு, நேற்று அரைவாசி சிரித்தாய்தானே என்றார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, உதடு வெடித்து இரத்தமும் வந்தது. அன்றே வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து ஒளித்ததெல்லாம் சொன்னேன். அவர் அளவைக் குறைத்தார், கிழமைக்கு ஒருமுறை பேசச் சொன்னார். ஆவணியில் குளிசை முடிந்தது. மாரி தொடங்க முன்னர் பெரியவரிடம் போய், முன் மேசையைத் திருப்பிக் கேட்டேன்.

இப்போது நான் வவுனியாவில் இருக்கிறேன். தவணை தாராளமாக விட்ட பிறகு பிறந்த மகளுக்கு ஐந்து வயது. கன்னத்தில் பழைய குழி நாலைந்து உண்டு. நான் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. அப்பா தினமும் பின்னேரம் தொலைபேசி எடுக்கிறார். விசயம் ஒன்றும் இருக்காது. சங்கக்கடைக்குப் போன பசுவின் பேத்தி செய்த அட்டகாசத்தைச் சொல்லுவார். நான் சிரித்தவுடன், "சரி, வைக்கிறன்," என்று வைத்துவிடுவார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் நல்ல ஏச்சு வாங்கி வந்திருந்தேன். பசுவின் கதைக்கு 'ம்' மட்டும் போட்டேன். வைத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் திரும்ப எடுத்தார், இருமி இருமிப் பேசுகிற தலைவராக.

அடுத்த ஞாயிறு வீட்டுக்குப் போனபோது கொட்டிலை எட்டிப் பார்த்தேன். பழைய கலண்டருக்கு மேல், அதே ஆணியில், நானாவின் இந்த வருடக் கலண்டர். அந்தச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில் முதலில் ஒரு புள்ளடி போட்டு, அதை அழிறப்பரால் அழித்து, மேலே ஒரு சரி போட்டிருந்தார்.