இரட்டை வேகத்தில் ஒரு காதல் பாட்டு

காய்கறி மொத்தச் சந்தையில் அவளுக்கு ஏலக்காரம்மா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. விடியற்காலையில் மரப்பெட்டி மேல் ஏறி நின்றாள் என்றால் வெங்காயம், கோஸ், தக்காளி என்று வந்த லாரி அத்தனையும் காலியான பிறகுதான் இறங்குவாள். அந்த வேகத்தில் வேறு யாராவது பேசிப் பார்த்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். அவள் வாயிலோ ஒவ்வொரு சொல்லும் கழுவித் துடைத்ததுபோல் வரும். அதில் அவளுக்குத் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அந்தப் பெட்டியை யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த வயதில், ஒருநாள் ஏலம் போடுகிறவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வியாபாரிகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். "தள்ளுங்க, நான் போடறேன்" என்று ஏறிவிட்டாள். சிரித்தவர்கள் எல்லாம் அன்றைக்கே அவளிடம் சரக்கு எடுத்தார்கள். எடைமேடையில் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷர் மட்டும் சிரிக்காமல், எடை போடுவதையும் மறந்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் அவருக்கே வாக்கப்பட்டாள். அன்று முதல் வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிவருகிறாள்.

ஒரே மகள், கல்லூரியில் சினிமாப் படிப்பு, கடைசி வருஷம். அதற்கு ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டும். தோழி ஒருத்தி ராக் குழு வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய காதல் பாட்டுக்கு வீடியோ எடுப்பது என்று முடிவானது. அவ்வளவுதான், சமையலறைச் சுவர் முழுக்கக் காகிதம். ஒவ்வொன்றிலும் குச்சிக்கை, குச்சிக்கால் படங்கள். அலமாரிக் கதவைக்கூட விட்டுவைக்கவில்லை.

"சர்க்கரை டப்பா எங்கடி?"

"பதினாலாவது ஷாட்டுக்குப் பின்னாடி இருக்கும்மா."

திட்டம் இதுதான். பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட வேண்டும். பாடுகிறவள் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். எடுத்த படத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் வாய் மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும், சுற்றியுள்ள மற்றதெல்லாம் மெதுவாக நடக்கும். "தலைக்கு மேல தக்காளி மிதந்துக்கிட்டே விழும்மா! தண்ணி ஒவ்வொரு சொட்டாத் தெரியும்!" என்று மகள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள்.

அவளுடைய ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை. நாலு நிமிஷப் பாட்டை வெட்டே இல்லாமல் அப்படி எடுக்க மாணவர்களால் முடியாது, சொதப்பினால் வருஷமே போய்விடும், பேசாமல் பைக்கில் இரண்டு பேரை உட்காரவைத்து எடு என்றார். "முடியும் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள் மகள். அம்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இந்தப் பிடிவாதம் யார்கிட்டேர்ந்து வந்துச்சோ!" என்று கணவரைப் பார்த்தாள். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

சந்தைக் கொட்டகையை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு அவளே பேசி வாங்கிக் கொடுத்தாள். அடிபட்ட தக்காளி ஒரே ஒரு கூடை கிடைத்தது. அதை ஒருமுறைதான் கொட்ட முடியும். கல்லூரிக் கேமராவை ஐந்து மணிக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், மறுநாள் காலை படத்தைக் காட்ட வேண்டும்.

தக்காளி இல்லாமல் ஒத்திகை தொடங்கியது. ஸ்பீக்கரில் பாட்டு அணில் கத்துவதுபோல் கீச்கீச்சென்று பாய்ந்தது. குழுவில் டிரம்ஸ் அடிக்கும் பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பாட்டுக்காரி முதல் நான்கு வரியைச் சமாளித்தாள். "உன் பேரைச் சொல்லாத மூச்சு ஒண்ணும் என்கிட்ட இல்லையே" என்ற வரி வந்ததும் வாய் பின்தங்கியது. மறுபடி, மறுபடி, ஒன்பது தடவை. மணி மூன்றே முக்கால். பாட்டுக்காரி மூட்டை மேல் சரிந்து அழுதாள். மகள் அழவில்லை, ஆனால் முகம் வெளுத்துவிட்டது.

ஏலக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு மாதமாக வீட்டில் ஓயாமல் ஓடிய பாட்டு, அவளுக்குத் தலைகீழாகப் பாடம். "எங்க, போடு பாப்போம்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பாட்டு பாய்ந்தது. அவளும் கூடவே பாய்ந்தாள். ஒரு எழுத்துகூட விடுபடவில்லை. கேமராக்காரப் பையன் சும்மா எடுத்துவைத்ததைப் பாதி வேகத்தில் போட்டுக் காட்டினான். வாய் பாட்டோடு அப்படியே பொருந்தியது.

"அம்மா, நீயே நில்லு" என்றாள் மகள்.

"அடிப்பாவி! இந்த வயசுல, ரப்பர் பூட்ஸோட, காதல் பாட்டா? மார்க்கெட்டே சிரிக்கும்டி!"

பாட்டுக்காரி மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "என் குரல்தானே ஆன்ட்டி, நீங்க வச்சுக்குங்க. நான் பின்னாடி கிடார் வாசிக்கிறேன். படம் நின்னுடக் கூடாது."

அந்தப் பெண்ணின் பெரிய மனசு ஏலக்காரம்மாவை உலுக்கிவிட்டது. மகளுடைய முகத்தைப் பார்த்தாள். "சரி. யாரைப் பார்த்துப் பாடறது?"

"அப்பாவைப் பாரு."

"அந்த மனுஷனையா? இருபத்துமூணு வருஷமா அதைத்தானே பண்றேன்!"

அவரைக் கேமராவுக்குப் பின்னால் எடைமேடையில் உட்காரவைத்தார்கள். அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். தண்ணீர் பீய்ச்சியடித்தது, தக்காளி கொட்டியது, ஏலக்காரம்மா கேமராவை நோக்கி நடந்துகொண்டே இரண்டே நிமிஷத்தில் பாட்டை முடித்தாள். கன்னத்தில் தக்காளிச் சாறு வழிந்தது. துடைக்கவே இல்லை.

மறுநாள் கல்லூரி அரங்கில் கணவனும் மனைவியுமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. சுவரளவு முகம் ஒன்று மெல்ல மெல்ல வாய் திறந்தது. தக்காளி மிதந்தது, நீர்த்துளிகள் அந்தரத்தில் நின்றன. அதற்கு நடுவே நாற்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தான் பார்த்துக்கொண்டிருப்பவனைத் தவிர உலகத்தில் வேறு யாருமே இல்லை என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். இது நானா என்று ஏலக்காரம்மாவுக்கே கூச்சமாகிவிட்டது. பக்கத்தில் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தினம் பார்க்கற முகம்தான்" என்றார் அவர். "நீ போற வேகத்துல எனக்கு இவ்வளவும் தெரிஞ்சதில்ல."

விளக்கு எரிந்தது. ஆசிரியர் மகள் பக்கம் திரும்பினார். "முடியாதுன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு. அந்த நடிகையை எங்கே பிடிச்சே? எந்த நாடகக் குழு?"

மகள் எழுந்தாள். "நடிகை இல்ல சார், எங்கம்மா. காய்கறி மார்க்கெட்ல ஏலம் போடறாங்க. இந்த வேகம் அவங்களுக்கு மட்டும்தான் வரும். அவங்க இல்லாட்டி என் திட்டம் வெறும் காகிதம்தான்."

அரங்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. ஏலக்காரம்மா எழுந்து நின்றாள். மைக் கொண்டுவர ஒரு பையன் ஓடினான். அவள் வேண்டாம் என்று கை காட்டினாள்.

"ஆமா சார், நான்தான்" என்றாள். அது முதல் வரிசைவரை தெளிவாகக் கேட்டது.