ராலாமி புகைத்த வெள்ளிக்கிழமை

1996 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை. காலையில் பாணும் சம்பலும். பிறகு பெயர் கூப்பிட்டார்கள். முற்றம் கூட்டும் முறை எங்கள் அறைக்கு. மதியத்துக்கு முன்பே நமுனுகுல மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி, காயப்போட்ட சாரங்களை மறுபடி நனைத்தது.

போர்க்காலத்தில் சந்தேகத்தின் பேரில் பிடித்தவர்களைப் பதுளைக்கு வெளியே ஒரு பழைய களஞ்சியத்தில் அடைத்திருந்தார்கள். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்த நானும் அவர்களில் ஒருவன்.

அங்கே எழுதத் தடை. பள்ளிக்கூட நாளிலிருந்து டயரி எழுதும் எனக்கு எழுதாமல் இருப்பது மட்டும் முடியாத காரியம். சவர்க்காரம் சுற்றி வரும் மெல்லிய தாளில் பென்சில் துண்டால் எழுதி, நாளுக்கு ஒரு பீடி என்று இலைக்குள் சுருட்டி வைப்பேன். இரு நுனியிலும் கொஞ்சம் புகையிலைத் தூள் அடைத்து நூல் சுற்றினால் வித்தியாசம் தெரியாது. புதனுக்கு ஒரு முடிச்சு, வியாழனுக்கு இரண்டு, அப்படியே வரிசையாக. மிஞ்சிய தூளைப் பத்திரிகைத் தாளில் சுருட்டிப் புகைப்பவர், பக்கத்துப் பாயில் படுத்த மாஸ்டர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் கணக்குப் படிப்பித்தவர்.

"நீர் எழுத எழுத எனக்கு இருமல் கூடுது" என்பார்.

புதன்கிழமை பார்வையாளர் நாள். காவலர் பக்கத்திலேயே நிற்பதால் வாயால் எதுவும் சொல்ல முடியாது. பீடி நமத்துப் போச்சு, கடையில் மாற்றிக்கொண்டு வா என்று மனைவியிடம் கட்டைத் திருப்பிக் கொடுப்பேன். எனக்குப் புகைப்பழக்கமே கிடையாது. அதனால் முதல் தடவையே அவளுக்கு விளங்கிவிட்டது. வீட்டில் பிரித்துப் படித்து, யாருக்குச் சேர வேண்டுமோ அவர்களிடம் சேர்ப்பாள்.

அந்த வாரம் முக்கியமானது வெள்ளிக்கிழமை. அன்றுதான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவரை எங்கள் அறைக்குள் கொண்டுவந்து தள்ளினார்கள். பதிவில் அவர் பெயரை எழுதவில்லை. காலையில் பெயர் கூப்பிடும்போது அவருடையது வருவதில்லை. வேறெங்காவது கொண்டுபோய்விட்டு, இங்கே வரவேயில்லை என்று அவர் அம்மாவிடம் சொல்லிவிடலாம். அவர் வந்ததற்கு இருந்த ஒரே சாட்சி மூன்று முடிச்சுப் பீடி.

செவ்வாய்க்கிழமை மாலை ராலாமி உள்ளே வந்தார். சிங்களக் காவலரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"கிளாக்கர் மாத்தயா, ஒரு பீடி எடுக்கிறது."

நான் வாயைத் திறப்பதற்குள் பீடிக் கட்டிலிருந்து ஒன்றை உருவிப் பற்றவைத்தார். மூன்று முடிச்சு.

"என்ன ஐசே இது? கடதாசி நாத்தம்!"

மாஸ்டர் தாமதிக்கவில்லை. "ஈரம் பிடிச்ச பீடி உப்பிடித்தான் நாறும், ராலாமி."

ராலாமி இருமினார், முகத்தைச் சுளித்தார், ஆனாலும் கடைசிவரை இழுத்துவிட்டுத்தான் போனார்.

"உம்மட வெள்ளிக்கிழமை அந்தாளின்ர நெஞ்சுக்குள்ள போட்டுது" என்றார் மாஸ்டர். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விடிவதற்குள் திரும்ப எழுதியாக வேண்டும். நான், மாஸ்டர், தொழிற்சாலைக்காரர் மூன்று பேரும் ஒத்துக்கொள்வதை மட்டுமே எழுதுவது என்றேன். வந்த நேரம், கொண்டுவந்த வாகனம், சட்டை நிறம், கன்னத்துக் காயம் எல்லாம் ஒத்துப்போயின. அந்த வெள்ளி இரவுச் சாப்பாட்டு விஷயத்தில் முட்டிக்கொண்டோம்.

"பருப்பு" என்றார் மாஸ்டர்.

"பூசணிக்காய்" என்றேன்.

"நீர் ஆளைக் காப்பாத்தப் போறீரோ, கறியைக் காப்பாத்தப் போறீரோ?"

"கறி பிழைன்னா மத்ததும் பிழைன்னுருவாங்க, மாஸ்டர்."

தொழிற்சாலைக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பூசணிக்காதாங்க. எனக்குத் தட்டே குடுக்கல. கிளாக்கரையாதான் அவர் தட்டுல பாதியத் தள்ளி வச்சாரு. மாஸ்டரையா அப்பவே தூங்கிட்டாரு."

"நித்திரை கொண்டது உண்மைதான்" என்று மாஸ்டர் இறங்கி வந்தார். "எழுதும், பூசணிக்காய்."

இன்றும் தீபாவளிக்கு என் வீட்டுக்கு வரும்போது அந்தத் தொழிற்சாலைக்காரர் ஒரு முழுப் பூசணிக்காயோடுதான் வருவார்.

மறுநாள், புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பார்வையாளரிடம் அழைத்துப் போனார்கள். பீடிக் கட்டை நீட்டினேன்.

"மறுபடியும் நமத்துப் போச்சா? கடக்காரரு இனி என்னைப் படியேத்த மாட்டாரு!" என்று மனைவி சத்தம் போட்டாள்.

ராலாமி குறுக்கே வந்தார். "ஏச வேணாம் நோனா. நான் குடிச்சுப் பார்த்தது. சரியான நாத்தம். கட்டாயம் மாத்துங்க."

என் கையிலிருந்த கட்டை வாங்கி, அவரே அவளுடைய பைக்குள் போட்டார்.