தங்கச்சியின் முடியும் என் மொட்டையும்

பிரான்சிலிருந்து சித்தப்பா வந்து இறங்கிய அன்று ஏம்பலத்தில் எங்கள் தெருவே எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. சித்தப்பாவைப் பார்க்க யாரும் வரவில்லை. பாண்டியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய், அவரோடேயே விமானம் ஏறிப் போனவர் அவர். ஒருநாள் எப்படியும் வருவார் என்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க வந்தது அவருடைய மனைவியை, அதாவது என் சித்தியை. ஏதோ ஒரு தீவில் பிறந்த கறுப்பினப் பெண். அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு என்னைவிடக் கொஞ்சம் சிறிய பெண் ஒருத்தி நின்றாள். "உன் தங்கச்சிடா" என்றார் சித்தப்பா. தங்கச்சியின் முடி தோளில் விழவில்லை. தலையைச் சுற்றி எல்லாப் பக்கமும் எழுந்து நின்றது. வெயில் அதற்குள் புகுந்து வெளியே வர வழி தெரியாமல் இருந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே சித்தியோடு பேசும் வேலை என்னிடம் வந்தது. "இங்கிலீஷ் படிக்கறான் இல்ல, அவன் கேக்கட்டும்" என்று அத்தை என்னை முன்னால் தள்ளிவிட்டார். சித்தியின் பேரை இங்கிலீஷில் கேட்டேன். சித்தி அழகாகச் சிரித்தார். அவருக்கு இங்கிலீஷே தெரியாது என்று சித்தப்பா பிறகுதான் சொன்னார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் சித்தி தன் மகளுக்குத் தலை வாரினார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். எங்கள் வீட்டில் தலை வாருவது என்றால், காய்ந்த முடியில் எண்ணெயை வைத்து, உச்சியிலிருந்து கீழே ஓர் இழு. கண்ணில் தண்ணீர் வந்தால் படிந்துவிட்டது என்று அர்த்தம். சித்தி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தார். முதலில் முடியை நனைத்தார். வெண்ணெய் மாதிரி எதையோ உள்ளங்கையில் தேய்த்து உருக்கித் தடவினார். பாத்தி பிரிப்பதுபோல் முடியைப் பிரித்து, பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல மேலே போனார். தங்கச்சி அழவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நனைந்த முடியைச் சித்தி இழுத்துக் காட்டியபோது அது தோளுக்குக் கீழே வந்தது. விட்டதும் சுருண்டு காதுக்கு மேலே போய்விட்டது. அவ்வளவு முடியும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று அன்றைக்கெல்லாம் யோசித்தேன்.

அத்தை யோசித்தது வேறு. "மொத முடிய இன்னும் சாமிக்கு எறக்கல இல்ல? அதான் கோச்சிக்கினு நிக்குது" என்றார். "ஒரு மொட்டை போட்டா தானா படிஞ்சி வளரும். நாளைக்குப் பூ வைக்க வாணாமா பொண்ணு?"

சித்தப்பாவை எடுத்து வளர்த்தவர் அத்தை. அவருக்கு எதிராக ஒரு வார்த்தை சித்தப்பாவுக்கு எந்தப் பாஷையிலும் வராது. "சரிக்கா" என்றார். அதைச் சித்தியிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு டாட்டா ஏஸ் வண்டியில் போனோம். பொங்கல் வைக்கத்தான் போகிறோம் என்று சித்தி நினைத்திருக்க வேண்டும். மொட்டை போடுகிறவர் பாதி பிளேடைக் கத்தியில் சொருகிக்கொண்டு, "தாய்மாமன் யாருப்பா? மடியில வெச்சிக்கினு உக்காருங்க" என்றார். அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சித்தியின் அண்ணன் எங்கேயோ பிரான்சில் இருக்கிறார். தாய்மாமன் மடியில்லாமல் முதல் மொட்டை எப்படி?

அதற்குள் சித்தி கத்தியைப் பார்த்துவிட்டார். தங்கச்சியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். சித்தப்பா வியர்த்துக்கொண்டே எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னார். சித்தி கத்தவில்லை. தாய்மாமனைப் பற்றி மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்து வீடியோ காலில் அண்ணனைக் கூப்பிட்டார்.

"போன்ல இருக்கற மாமன் மடியில எப்பிடிம்மா உக்கார வெக்கறது?" என்றார் மொட்டை போடுகிறவர்.

போனில் தூக்கக் கலக்கத்தோடு ஒரு பெரிய முகம் வந்தது. அந்த முகத்தின் இரண்டு பக்கமும் கயிறு கயிறாகச் சடை, மார்பு வரைக்கும். அத்தையின் கை தானாகக் குவிந்துவிட்டது. "இன்னாடி இது, சாமியாரு மாரி இருக்காரு!" என்று அம்மாவின் காதில் சொன்னார். போனில் இருந்தவர் சித்தியிடம் விஷயத்தைக் கேட்டார். முதலில் சிரித்தார். அப்புறம் தங்கச்சியைப் பார்த்துச் சிரிக்காமல் ஒரே வார்த்தை சொன்னார்.

"தாய்மாமன் வாணாங்கறாருக்கா" என்றார் சித்தப்பா.

சித்தி சொல்லியிருந்தால் அத்தை கேட்டிருக்க மாட்டார். சித்தப்பா சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டார். ஆனால் தாய்மாமன் பேச்சை மீறி எங்கள் பக்கம் ஒரு காது குத்துகூட நடக்காது. "தாய்மாமனே வாணாம்னா அப்பால நாம யாரு?" என்று பெருமூச்சு விட்டார். உடனே அடுத்த கவலை வந்துவிட்டது. "முடி தரேன்னு சொல்லிட்டு வெறுங்கையா எப்பிடிடி போறது? அம்மன் கோச்சிக்குவா." அத்தையின் கண் கூட்டத்தில் ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் தலையில் நின்றது.

"இவனுக்கும் காடா வளந்துதான் கெடக்குது" என்றார் அம்மா.

சித்தி தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கரும்பு ஓரமாக நடந்துவிட்டு வருவதற்குள் என் வேலை முடிந்து, தலையில் சந்தனமும் காய ஆரம்பித்திருந்தது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காற்று பட ஜில்லென்று சுகமாகவே இருந்தது. தங்கச்சி என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தன் முடியைப் பிடித்துக்கொண்டாள். சித்தி என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தபடியே சித்தப்பாவிடம் ஏதோ கேட்டார். சித்தப்பா தயங்கினார். சித்தி விடவில்லை.

"மொட்டை போடறதுக்கு முன்னாடி உன்னை யாராச்சும் கேட்டாங்களான்னு கேக்கறாங்கடா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கேள்வி புரியவில்லை. என் தலையைப் பற்றி என்னிடம் என்ன கேட்பார்கள்? ஆனாலும் பள்ளிக்கூடம் போகிறவன். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் நிற்கக் கூடாது. நன்றாக யோசித்துப் பார்த்ததில், தலையை நனைக்கும்போது மொட்டை போட்டவர் ஏதோ கேட்டது ஞாபகம் வந்தது.

"கேட்டாங்க" என்றேன். "தண்ணி ஜில்லுனு இருக்குதான்னு கேட்டாங்க."

அத்தை சிரித்தார், அம்மா சிரித்தார், மொட்டை போட்டவரும் சிரித்தார். சித்தப்பா அதைப் பிரெஞ்சில் சொன்னார். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. சரியான பதிலைத்தானே சொன்னேன்? அதற்குப் பிறகும் பதில் வராததுபோல அவர் ஏன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு விளங்கவில்லை.