தரையில் உட்கார்ந்து எழுவது

1. போன ஆண்டு, சமூக மன்றத்தின் மாடி அறை ஒன்றில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது.
2. தட்டு மாற்றுவதற்காக இரண்டு வீட்டுப் பெற்றோரும் ஜமுக்காளத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.
3. மாற்றி முடித்ததும் எல்லாரும் எழுந்தார்கள். அப்பாவால் எழ முடியவில்லை.
4. என் வருங்கால மாமனார் ஒரு பக்கமும் அவருடைய மூத்த மகன் மறுபக்கமும் அக்குளில் கை கொடுத்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். மாமனார் அப்பாவைவிட வயதில் பெரியவர்.
5. அப்பா சிரித்தார். அதனால் மற்றவர்களும் சிரித்தார்கள்.
6. மறுநாள் காலை பசியாறும்போது, கல்யாணத்தன்று மணையில் சித்தப்பாவும் சித்தியும் உட்காரட்டும் என்று அப்பா அறிவித்தார்.
7. அம்மா தோசைக்கல்லை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தார். மாவு இன்னும் பாதிச் சட்டி இருந்தது.

ஆறாவது வரி வெளியாருக்கு ஒரு சின்ன மாற்று ஏற்பாடாகத் தெரியலாம். எங்கள் வழக்கத்தில் பெண்ணைத் தாரை வார்ப்பது தம்பதியாகத்தான். இருவரும் மணைப் பலகையில் உட்கார வேண்டும். அப்பா என் கையை ஏந்தி மாப்பிள்ளையின் கையில் வைப்பார். அந்தக் கைகளின் மேல் அம்மா செம்பிலிருந்து தண்ணீர் விடுவார். அப்பா விலகினால் அம்மாவும் விலக வேண்டும். செம்பு சித்தியின் கைக்குப் போய்விடும். அப்பா தன் முட்டியைப் பற்றி மட்டும் முடிவெடுத்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலி போட்டுக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். குருக்களும் ஆட்சேபம் இல்லை என்றார். அப்பாவுக்குத்தான் ஆட்சேபம்.

"அக்கினி கீழ எரியுது, நான் மேல நாற்காலில உக்காந்திருக்கவா? பொண்ணோட அப்பா மாதிரியா இருக்கும்? செக்கப்புக்கு வந்த மாதிரி இருக்கும் லா."

நான் உட்லண்ட்ஸில் ஒரு கணினிச் சில்லு ஆலையில் பொறியாளர். இயந்திரங்கள் ஏன் காலத்துக்கு முன்பே மக்கர் பண்ணுகின்றன என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. அந்த வேலையில் முதலில் தெரிந்துகொண்டது இதுதான்: தேய்ந்துபோன பாகம் வேறு, ஓடாமல் கிடந்து இறுகிப்போன பாகம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் முரண்டு பிடிக்கும். தேய்ந்ததை மாற்ற வேண்டும். இறுகியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கொடுத்தால் போதும். அப்பா எந்த வகை என்பதுதான் என் கேள்வி.

அவர் பஸ் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடத்துக்கும் மேலாக ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த உடம்பு, அந்த இருக்கையின் வடிவத்திலேயே நின்றுவிட்டிருந்தது. வீடும் அதற்கு ஒத்துழைத்தது. பொங்கோலில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் எல்லாமே இடுப்புக்கு மேல்தான். சாப்பாட்டு மேசை, சோபா, உயரமான கட்டில், நெஞ்சளவில் சாமி அலமாரி, நின்றபடியே காய் நறுக்கும் அடுப்படி மேடை. எங்கள் குடும்பத்தில் தரையோடு உறவு வைத்திருந்தது ரோபோ துடைப்பான் மட்டும்தான்.

முதுமையைத் தள்ளிப்போடுவது என்ற பேச்சு வந்தாலே எல்லாரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தேக்கா கடைத்தெருவில் ஒரு சுற்று சுற்றினால் போதும். முடிக்கு எண்ணெய், தோலுக்குப் பொடி, இளமைக்கு லேகியம் என்று கடைக்குக் கடை அடுக்கி வைத்திருப்பார்கள். என் கணக்கில் வயது முதலில் தெரிவது இடுப்பிலும் தொடையிலும். உதவி இல்லாமல் தரைக்கு இறங்கி எழ முடிகிறவரை ஒருவருக்கு அவருடைய வீட்டில் போகாத மூலை இருக்காது. அது நின்றுபோனால், கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரைக்குக்கூட அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

சித்தி அப்படி ஒரு லேகியத்தோடு வந்தார். டப்பா மூடியில் சிங்கப் படம் இருந்தது. என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது எங்கும் இல்லை. அப்பா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறவர். மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்க வேண்டாம் என்றேன்.

"எல்லாத்துக்கும் லேபிள் பாக்குறா உங்க பொண்ணு," என்றார் சித்தி அம்மாவிடம். பிறகு என்னிடம், "மாப்பிள்ளைக்கும் லேபிள் பாத்துட்டுத்தான் சரின்னியாடி?"

பார்த்தேன் என்றேன். அம்மா சிரித்தார். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பாலிகிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான், மூட்டில் தடை எதுவும் இல்லை என்றார் மருத்துவர். அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட், அப்பாவைக் கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொல்லிப் பார்த்துவிட்டு, தொடையில் பலம் இல்லை, இடுப்பு மடங்க மறந்துவிட்டது, வீக்கம் வந்தால் நிறுத்துங்கள், மற்றபடி படிப்படியாகத் தரைக்குப் போகலாம் என்றார். ஆக, இறுகிய வகை. எனக்கு அது போதும். அன்று மாலையே வேலையைத் தொடங்கினோம்.

புதிதாக எதையும் நான் கண்டுபிடிக்கவில்லை. நம் வீடுகளில் ஏற்கெனவே இருந்து, சாமான்கள் வந்து சேர்ந்தபோது வெளியே போனவற்றைத்தான் திரும்பக் கொண்டுவந்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இருட்டும் முன் இரவுச் சாப்பாடு, அதுவும் தரையில். காலையில் கால்வாயோரம் நடை, வந்ததும் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு பாதியளவு குந்தி எழுவது. எண்ணெயில் சுடும் பிராட்டா ரொட்டி வாரத்துக்கு ஒரு முறை. கடைசி விதிக்கு மட்டும் அப்பா மேல்முறையீடு செய்தார். தள்ளுபடியானது.

எண்ணெய்க் குளியலில் என் கவலை மூட்டைவிடக் குளியலறைத் தரையைப் பற்றித்தான். பளிங்கு போன்ற ஓட்டில் நல்லெண்ணெய் சிந்தினால் கல்யாணம் அல்ல, ஆஸ்பத்திரிதான். ரப்பர் விரிப்பு போட்டேன். குளித்து முடித்ததும் அரப்புப் பொடி தூவித் தேய்த்துக் கழுவினால்தான் வழுக்கல் போகிறது. மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய எண்ணெயை அப்பா முதலில் பெயருக்குத் தடவிக்கொண்டார். நாலைந்து வாரத்தில் அதுவே அவருக்கு ஒரு காரியமாகிவிட்டது: ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையிலிருந்து கணுக்கால் வரை இழுத்து இழுத்துத் தேய்ப்பார். எண்ணெய் மூட்டுக்குள் போகாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் தேய்க்கும்போது மூட்டு மடங்கி நிமிர்கிறது, வெந்நீர் தசையை இளக்குகிறது, ஒரு மனிதர் தன் கால்களை அரை மணி நேரம் கவனிக்கிறார். இந்த மூன்றும் வேலை செய்கின்றன. எண்ணெய் தேய்த்த நாளில் பகல் தூக்கம் கூடாது என்பதால், கண் சொக்கும் நேரத்தில் அம்மா அவரைச் சந்தைக்கு விரட்டுவார். கொத்தமல்லி வாங்கிவரப் போய்ப் பாதி நாள் கழித்து வருவார்.

சாப்பாட்டுக்குத் தடித்த நுரைப் பாய்களை அடுக்கினேன். முதலில் ஸ்டூல் உயரம். அதிலிருந்து சிரமமில்லாமல் எழுந்தால் ஒரு பாயை உருவிவிடுவேன். நேராக எழ முயல்வதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பக்கவாட்டில் திரும்பி, கையூன்றி, ஒரு முட்டியில் நின்று, மறுகாலைப் பதித்து, பிறகு நிமிர வேண்டும். அப்பா அதை வண்டியைப் பின்னால் எடுப்பதுபோலச் செய்வார். "பின்னாடி ஆள் இருக்கா பாரு," என்று கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்.

இந்த நாள்களில் அப்பா கீழே உட்கார்ந்து சாப்பிடுவார், அம்மா நின்று பரிமாறுவார். ஒரு மாலை அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"நான் கீழ, நீ மேல நின்னு பாக்குற. சர்க்கஸ் காட்டுற மாதிரி இருக்கு. வா, உக்காரு."

அம்மா குழம்புச் சட்டியையும் சோற்றுப் பாத்திரத்தையும் தரைக்குக் கொண்டுவந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டே கல்யாண ஜவுளிக்கு வந்தார். சித்தப்பாவுக்கு மணையில் உட்கார எந்தக் கரை வேட்டி எடுக்கலாம் என்று கேட்டார்.

அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"உங்க முட்டியப் பத்தி ஊரே பேசியாச்சு. என் இடத்தப் பத்தி யாராச்சும் பேசினீங்களா?"

அப்பாவுக்குப் புரியவில்லை. எந்த இடம் என்றார்.

"என்னால உக்கார முடியும். இந்தா உக்காந்துதான் இருக்கேன். என் பொண்ணு கையில தண்ணி விடுறது நானு. நீங்க உக்கார மாட்டேன்னா நானும் எந்திரிச்சுப் போவணும்."

"நான் அப்படிச் சொல்லலையே."

"சொல்லலங்க. ஆனா அதான நடக்கும்."

அப்பா வெகுநேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு ரசம் கேட்டார். அம்மா விட்டார். மறுநாள் நான் வேலை முடிந்து வந்தபோது அடுக்கில் ஒரு பாய் குறைந்திருந்தது. அதை நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் என்னைவிட வேகமாகப் போனார். சீக்கிரமே வெறும் தரையில் உட்கார்ந்து, சாப்பாடு முடியும்வரை இருந்து, தானாக எழுந்தார். ஆனாலும் சித்தப்பாவிடம் அவர் எதுவும் சொல்லவில்லை. வீட்டில் எழுவது ஒன்று, கூட்டத்தின் நடுவில் எழுவது இன்னொன்று என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அது நியாயமான சந்தேகம். ஆலையிலும் மேசையில் தேறிய கருவியை உற்பத்தி வரிசையில் ஓட்டிப் பார்க்காமல் யாரும் கையெழுத்துப் போட மாட்டோம்.

ஆகவே ஒரு பிரதோஷத்தன்று மூவரும் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயிலுக்குப் போனோம். அப்பா பட்டு வேட்டி கட்டியிருந்தார். அபிஷேகம் பார்க்க மண்டபத்தில் நெருக்கமாக உட்கார்ந்திருந்த கூட்டத்துக்குள் போய் அவரும் உட்கார்ந்தார். பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, சோபா இல்லை. நான் பக்கத்தில் போகப் பார்த்தேன்; அம்மா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். பால், தயிர், சந்தனம் என்று அபிஷேகம் நீண்டது. அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அது நேராகத்தான் இருந்தது.

தீபாராதனைக்கு எல்லாரும் எழுந்தார்கள். அப்பா பக்கவாட்டில் திரும்பினார், கையூன்றினார், முட்டியில் நின்றார், மறுகாலைப் பதித்தார். நிமிரும்போது தன் வேட்டியின் கரையைத் தானே மிதித்துவிட்டார். ஆள் முன்னால் சாய்ந்து, எதிரே நின்றவரின் தோளில் கை வைத்தார். அவர் திரும்பிப் பார்த்து, "பரவால்லண்ணே," என்று சொல்லிவிட்டுக் கும்பிடத் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். தூக்கி நிறுத்த யாரும் வரவில்லை.

தவறு எங்கே என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. இத்தனை வாரமும் வீட்டில் அவர் பழகியது டிராக் பேண்டில். கல்யாணமோ வேட்டியில். எழுவதற்கு முன் கரையை இடது கையால் கொத்தாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். அதற்கு வலது கையை மட்டும் தரையில் ஊன்றி எழப் பழக வேண்டும். வெளியே வந்து செருப்பு மாட்டும்போது இதைச் சொன்னேன். அப்பா ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார். "முட்டி தப்புப் பண்ணல. வேட்டிதான்," என்றார்.

எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போதே சித்தப்பாவுக்கு ஃபோன் செய்தார்.

"டேய், நீ வாசல்ல நின்னு வர்றவங்களக் கவனி. மணையில நானும் உன் அண்ணியும் உக்கார்றோம்." சித்தப்பா முட்டியைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். "முட்டி அதே முட்டிதான்டா. எந்திரிக்கிற வழிதான் புதுசு."

அம்மா எங்களுக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. ஆனால் நடை மெதுவாகி, நாங்கள் வந்து சேரும்வரை நின்றார்.

கல்யாணம் வரை வீட்டில் எல்லாச் சாப்பாடும் வேட்டியில்தான். குழம்புக் கறையில் இரண்டு வேட்டிகள் வீணாயின.

கல்யாணத்தன்று அப்பா மணையில் உட்கார்ந்தார். நடுவில் ஒருமுறை இடது காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டார். அம்மா தன் முந்தானையை அதன்மேல் இழுத்துவிட்டு மறைத்தார். என் கைக்கு அடியில் அப்பாவின் உள்ளங்கை சூடாக இருந்தது. அம்மா தண்ணீர் விட்டார். தேவைக்கு மேலேயே விட்டுக்கொண்டிருந்தார். "போதும்மா," என்று குருக்கள் சொன்ன பிறகும் கொஞ்சம் விட்டார். சடங்கு முடிந்ததும் அப்பா கரையைச் சேர்த்துப் பிடித்து, திரும்பி, முட்டியில் நின்று, எழுந்தார். நேரம் பிடித்தது. குருக்கள் காத்திருந்தார்.

இப்போதைய நிலை இது. நான் கணவரோடு உட்லண்ட்ஸில் இருக்கிறேன். பொங்கோல் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பாத்திரங்களை நடுவில் வைத்து, எதிரெதிரே தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் நின்று பரிமாறுவதில்லை. எண்ணெய்க் குளியல் சில வாரம் தவறுகிறது. ரத்த அழுத்த மாத்திரை அதே அளவில் தொடர்கிறது. காலையில் இடது முட்டி சத்தம் போடுகிறது. அப்பாவுக்கு வயது அறுபத்து நான்கு. தரையில் உட்காருகிறார், யார் கையையும் பிடிக்காமல் எழுகிறார்.