வரி முடிந்தால் தட்டாமல்?

தொண்ணூறுகளின் கடைசி. மலேசியாவில் லாபு பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் டைப்பிஸ்ட். மாத அறிக்கையை இனி இன்டர்நெட்டில்தான் அனுப்ப வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எப்படி அனுப்புவது என்று மற்றத் தோட்டங்களுக்கு ஒரு தாள் அடித்து அனுப்பும் வேலை என் தலையில் விழுந்தது.

அதில் போட வேண்டிய வெப்சைட் முகவரி இருக்கிறதே, அனுமார் வால். ஒரு வரியில் அடங்கவில்லை. டைப்பிங் கிளாசில் சொல்லிக்கொடுத்தபடி வெட்டுகிற இடத்தில் சிறு கோடு போட்டால், அந்தக் கோட்டையும் சேர்த்து அடித்துவிடுவார்களோ? போடாவிட்டால் கீழே இருப்பதை வேறு முகவரி என்று நினைப்பார்களோ? மண்டை காய்ந்துபோனது. கடைசியில் ஒரு சாய்கோட்டுக்குப் பின்னால் வெட்டி, மீதியைக் கீழே விட்டேன்.

பக்கம் வரவில்லை என்று கெமாஸ் தோட்டத்திலிருந்து போன். கோலா கிளாவாங்கிலிருந்தும் அதே பாட்டு. எங்கள் ஆபீசை நடத்தும் பெரிய கிராணி, சிரம்பான் டவுனிலிருந்து கம்ப்யூட்டர் படித்த ஆளைக் கொண்டுவரலாம், எல்லாவற்றையும் அவனே பார்த்துக்கொள்வான் என்றார். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை? என் கம்ப்யூட்டரில் அந்த முகவரியை யாரோ முன்பே சேமித்து வைத்திருந்தார்கள். ஒரு தட்டுத் தட்டினால் பக்கம் வந்து நின்றது. அங்கே மட்டும் ஏன் வரவில்லை?

கெமாஸ் டைப்பிஸ்ட் அக்காவுக்குப் போன் போட்டு, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே அடிக்கச் சொன்னேன். முதல் வரி முடிந்ததும் டக்கென்று ஒரு சத்தம்.

"என்னக்கா தட்டுனீங்க?"

"என்டர்தான். வரி முடிஞ்சா தட்டாம, அடுத்த வரிக்கு எப்படிம்மா போறது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி முகவரியிலேயே என்டர் தட்டினால் பக்கம் எப்படி வரும்? இரண்டு வரியும் ஒரே முகவரி, நடுவில் என்டர் தட்டக் கூடாது என்று தாளில் கொட்டை எழுத்தில் சேர்த்து, கிராணியிடம் நீட்டினேன். என் முன்னால் அடித்துக் காட்டு என்றார்.

உட்கார்ந்தேன். தாளைப் பார்த்து மளமளவென்று அடித்தேன். முதல் வரி முடிந்தது. என் சுண்டுவிரல் யாரைக் கேட்டதோ, போய் என்டரைத் தட்டிவிட்டது. பக்கம் வரவில்லை.

"இத எழுதுனது நீதானம்மா?"

தள்ளிக்கோ லா என்று அவரே உட்கார்ந்தார். அவரும் டைப்ரைட்டரில் பழகிய கை. முதல் வரி முடிந்தது. தட்டினார்.

அவருக்கும் பக்கம் வரவில்லை.

"அந்த எழுத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போடும்மா," என்றார். அதற்குப் பிறகு டவுன் ஆளைப் பற்றி அவர் பேச்செடுக்கவே இல்லை.