எட்டாயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடிய சிவப்புக் கார்

அந்தக் காரைப் பார்ப்பதற்கு முன்னால் மோந்துதான் பார்த்தேன். ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை... அதற்கடியில் லேசாகப் பெட்ரோல்.

புதுக்கடை ஊர்ப் பக்கம் ஒரு வீட்டின் பின்புற ஷெட். மேலே கொடியில் ரப்பர் ஷீட் காய்கிறது. கீழே பூப்போட்ட பெட்ஷீட்டைப் போர்த்திக்கொண்டு ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. ஒன்பது வருடப் பழசு. மீட்டரில் எட்டாயிரம் கிலோமீட்டர்!

அப்போது எனக்கு ஆரல்வாய்மொழியில் காற்றாலை பராமரிப்பு வேலை. பூதப்பாண்டி வீட்டிலிருந்து பைக்கில் போவேன். ஆடிக் காற்றில் பைக் தன்னால் ரோட்டின் அந்த ஓரத்துக்குப் போய்விடும். அதனால் தரையோடு ஒட்டிப் போகிற கார் வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். நிஜக் காரணம் அது இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சேர்த்து வைத்ததெல்லாம் இந்த ஒரு வண்டிக்குத்தான் சரியாக இருக்கும். தப்பானதை வாங்கினால் இன்னும் நாலு வருடம் அதே பைக்.

கூட வந்தவன் ஜெபின், பாலிடெக்னிக் கூட்டாளி. பெட்ஷீட்டை விலக்கியதுமே அவன் அதன் அழகில் விழுந்துவிட்டான்.

"மக்கா, வேற ஒண்ணும் பாக்காண்டாம். எடுத்துரு."

நான் பார்த்தேன். டயரில் பட்டன் இன்னும் தேயவில்லை, ஆனால் ரப்பர் வெடித்திருக்கிறது. சைலன்ஸர் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் பால் ஏடு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. ஆயிலில் தண்ணீர் சேர்ந்த அடையாளம். பேட்டரி மட்டும் புத்தம் புதுசு.

சும்மா நின்ற வண்டிக்கு எதற்குப் புது பேட்டரி?

"எக்கா, இத யாரு ஸ்டார்ட் பண்ணுவா?"

வீட்டுக்கார ஷைலா அக்காவுக்கு முகமெல்லாம் பெருமை. "நான்தான் தம்பி. தெனமும் காலம்பற ஏழு மணிக்குப் பத்து நிமிசம். ஒருநாளு தப்புனதில்ல."

கணவர் மஸ்கட்டில். வருடத்துக்கு ஒரு மாத லீவில் வந்து கூட்டாளிகளோடு ஓட்டுவார். மற்ற நாளெல்லாம் போனில் கேட்பார். காரைத்தான்! அக்கா போனை பானெட்டின் மேல் வைத்துவிட்டு சாவியைத் திருப்புவார்.

"நான் பேசுனா ரெண்டு நிமிசத்துல வச்சிருவாவ. இது உறுமுறதப் பத்து நிமிசம் கேப்பாவ. அதக் கேட்டாத்தான் அவியளுக்குச் சாயா எறங்கும்."

"பின்ன ஏன் விக்கிறிய?"

"அடுத்த மாசம் ஆளு ஒரேயடியா இங்க வராவ. இனி சத்தம் எதுக்கு?"

ஜெபின் சிரித்தான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். போட்டு முடித்ததும் அப்படியே சொல்லியும் விட்டேன்.

"எக்கா, பத்து நிமிசத்துல என்ஜின் சூடே ஆவாது. உள்ள ஊறுன தண்ணி வத்தாது. ஒம்போது வருசம் நின்ன எடத்துலயே, மீட்டர்ல ஏறாம, இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டிருக்கிய. நீங்க நல்லாப் பாத்துக்கிட்டதுலதான் இது கெட்டுப்போச்சு."

அக்கா முகம் சுருங்கியது.

"ஏலே, ஒனக்கு வாயில பூட்டே கெடையாதா?" ஜெபின் என் விலாவில் இடித்தான்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கேட்டுக்கு வெளிய நிக்கே ஒரு பைக்கு... அதத் தள்ளிக்கிட்டுத்தான வந்திய?"

பைக் வழியில் இரண்டு முறை நின்றது உண்மை.

"ஒரு மணி நேரம் ஓட்டிப் பாக்கணும்," என்றேன். அக்கா தானே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஜெபினைப் பின்னால் மடித்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

தக்கலை தாண்டியதும் அக்கா டாஷ்போர்டைக் காட்டினார். "இந்த முள்ளு இவ்வளவு மேல வருமா? நான் பாத்ததே இல்ல."

சூடு காட்டுகிற முள். ஒன்பது வருடமாக அது அடியை விட்டு எழுந்ததையே அவர் பார்த்ததில்லை. நடுவுக்கு வந்தது. இதற்கு மேல் ஏறினால் ஆயிலில் சேர்ந்தது ரேடியேட்டர் தண்ணீர், என்ஜின் போச்சு என்று அர்த்தம்... அங்கேயே நின்றது. ஆரல்வாய்மொழி வரை ஓட்டியும் அதற்கு மேல் ஒரு மயிரிழை ஏறவில்லை. கணவாய்க் காற்று பக்கவாட்டில் வந்து அறைந்தது. வண்டி அசையவில்லை. "கர்த்தாவே, இது இப்பிடி ஓடுமா!" என்று அக்கா சிரித்தார்.

அந்த இடத்தில் முடிவு செய்தேன். டயர், ஹோஸ், சைலன்ஸர் எல்லாம் மாற்றினேன். ஆயிலை ஒரே மாதத்தில் இரண்டு தடவை மாற்றினேன். அதன்பின் மூன்று வருடம் ஒரு நாள்கூட நடுவழியில் விடவில்லை.

இப்போது மஸ்கட்டில் இருப்பது நான். கார் பூதப்பாண்டி வீட்டில். 'தினமும் ஸ்டார்ட் செய்யாதே, வாரம் ஒரு நாள் ஒரு மணி நேரம் ஓட்டு' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். என் மனைவி அனிஷாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு எங்கே போக? காலையில் ஸ்கூலுக்குப் பாடம் எடுக்கக் கிளம்பும் அவசரத்தில் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து, போனை பானெட்டில் வைக்கிறாள்.

முன்பெல்லாம் எந்த என்ஜினைக் கேட்டாலும் கோளாறு முதலில் காதில் விழும். இப்போது விழுவது பின்னாலிருக்கிற குக்கர் விசில், பக்கத்து வீட்டுக் கோழி, அவள் வளையல்.

நேற்றும் கேட்டாள், "கேக்கியளா? ஆஃப் பண்ணட்டா?"

அந்த ஆயில் மூடிக்கு அடியில் இந்நேரம் என்ன ஒட்டியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் ரெண்டு நிமிசம் ஓடட்டு," என்றேன்.